ஒற்றை அணுவை எண்ணுதல்: அடுப்புச் சுடரிலிருந்து அம்பரப்பர் மலை வரை

ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தால் கேஸ் சுடர் நிறம் மாறும். நீலமாக எரிந்துகொண்டிருந்தது சட்டென்று மஞ்சளாகி, சில நொடிகளில் மறுபடி நீலத்துக்குத் திரும்பும். தேனி அல்லிநகரத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் வாரம் இரண்டு முறையாவது நடக்கிற சங்கதி இது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கேஸைக் குறைத்துவிட்டு, துணியை எடுத்து அடுப்பைத் துடைப்பதோடு சரி.

அந்த மஞ்சள், ரசத்தில் இருந்த உப்பின் வேலை. உப்பிலுள்ள சோடியம் அணுக்கள் சுடரின் சூட்டில் கிளர்ந்து, 589 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை உமிழ்கின்றன. தேனியில் எரிந்தாலும் டோக்கியோவில் எரிந்தாலும் சூரியனில் எரிந்தாலும் சோடியத்துக்கு அதே மஞ்சள்தான். ஆக, அடுப்பைத் துடைக்கிறவர் தமக்குத் தெரியாமலே ஒரு வேதியியல் பகுப்பாய்வை முடித்துவிடுகிறார்: இங்கே சோடியம் இருக்கிறது.

எத்தனை சோடியம் அணு இருந்தால் நமக்குத் தெரியும்? கல் உப்பின் ஒரு சிறு துணுக்கு, ஒரு மில்லிகிராம் எடை என்று வைத்துக்கொண்டால், அதில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி கோடி சோடியம் அணுக்கள் இருக்கும். ஒன்றுக்குப் பின் 19 சுழியங்கள். இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பின்னால் வேண்டியிருக்கும். இதிலிருந்து குறைத்துக்கொண்டே வந்தால் எங்கே போய் நிற்கலாம்? ஒரு கோடி அணுவில்? ஆயிரத்தில்? ஒன்றே ஒன்றில்?

ஒன்றில் நிற்கலாம் என்று 1977இல் நிரூபித்தார்கள். அதைச் செய்தது பெரிய உருப்பெருக்கி அல்ல, சரியான நிறத்தில் ஒரு லேசர். இந்தக் கதையைத் தேனி மாவட்டத்திலிருந்து சொல்ல ஒரு காரணம் உண்டு. ஒற்றை அணுவை எண்ண வேண்டும் என்ற தேவையை மிகக் கூர்மையாக எழுப்பியவற்றுள் ஒன்று, நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பற்றிய ஆய்வு. அந்தச் சொல் எங்கள் ஊர் டீக்கடைகளில் பத்து வருடங்களுக்கும் மேலாகப் புழங்கி வருகிறது.

நிறமே அடையாளம்

ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரில் ராபர்ட் புன்சனும் குஸ்டாவ் கிர்ச்சாஃபும் சுடரின் நிறத்தைப் பட்டகத்தால் பிரித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனிக் கோடுகள் தெரிந்தன. ஒரு மில்லிகிராமை முப்பது லட்சமாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு சோடியம் இருந்தால்கூடத் தங்கள் கருவியில் மஞ்சள் கோடு தெரியும் என்று அவர்கள் எழுதினார்கள். அன்றைக்கு அது நம்ப முடியாத நுட்பம். அணுக் கணக்கில் பார்த்தால் அப்போதும் சில லட்சம் கோடி அணுக்கள் வேண்டியிருந்தன.

1860இல் டுர்க்ஹைம் என்ற ஊரின் கனிம நீரை இப்படிச் சோதித்தபோது, அதுவரை யாரும் பார்த்திராத இரண்டு நீலக் கோடுகள் தெரிந்தன. 455 நானோமீட்டரில் ஒன்று, 459இல் ஒன்று. வானத்தின் நீலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அந்தப் புதிய தனிமத்துக்குச் சீசியம் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தாயிற்று, பொருளைக் கையில் எடுத்துக் காட்ட வேண்டுமே. அதற்காகப் புன்சன் ஏறத்தாழ 44,000 லிட்டர் கனிம நீரைக் காய்ச்சி வற்ற வைத்தார். கிடைத்தது ஏழு கிராம் சொச்சம் சீசியம் குளோரைடு. நான்கைந்து தண்ணீர் லாரிகளில் வரும் நீரைக் காய்ச்சி, ஒரு தேக்கரண்டி நிறையுமளவு உப்பு.

நிறத்தைக் கொண்டு தனிமத்தை அறியும் இந்தக் கலைக்கு எங்கள் வட்டாரத்தில் ஒரு பழைய கோயில் உண்டு. பெரியகுளம் பக்கம் போனால் வடக்கே எழுந்து நிற்கும் கொடைக்கானல் மலையில், 1901 முதல் சூரியனைக் கவனித்து வரும் வான் ஆய்வகம் இருக்கிறது. அங்கே ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் இம்மியளவு நகர்ந்திருப்பதைக் கண்டார். அந்த நகர்விலிருந்து, புள்ளியின் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வாயுக்கள் பாய்கின்றன என்று தெரிந்தது. இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். நிறத்தில் நேரும் மிகச் சிறிய மாற்றத்தையும் விட்டுவிடக் கூடாது என்பது இந்தத் துறையின் பழைய ஒழுக்கம்.

ஆனால் ஒளியைப் பார்த்து அடையாளம் காண்பது வேறு, ஒவ்வொன்றாக எண்ணுவது வேறு. எண்ணுகிறவருக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. இருப்பது எதுவும் விடுபடக் கூடாது. இல்லாதது எதுவும் சேரக் கூடாது. வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கிறவருக்கு இருக்கும் அதே இரண்டு தலைவலிகள். நூறு கோடி அணுக்கள் இருக்கும் இடத்தில் பத்து விடுபட்டால் யாருக்கும் நட்டமில்லை. மொத்தமே பத்து அணுக்கள் என்றால் ஒவ்வொரு தவறும் முடிவையே புரட்டிவிடும்.

சுரங்கத்தில் சலவைத் திரவம்

மொத்தமே பத்து அணுக்கள் என்ற நிலை உண்மையாகவே ஒருவருக்கு வந்தது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஹோம்ஸ்டேக் என்ற தங்கச் சுரங்கம். அதன் அடியில், தரைக்குக் கீழே ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில், ரேமண்ட் டேவிஸ் ஒரு பெரிய தொட்டியை அமைத்தார். அதற்குள் சலவைக் கடைகளில் உலர் சலவைக்குப் பயன்படும் பெர்குளோரோஎத்திலீன், 615 டன். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ எப்போதாவது அபூர்வமாக அதிலுள்ள குளோரின் அணுவொன்றில் மோதினால், அது ஆர்கான்-37 ஆக மாறும். அந்த ஆர்கானை எண்ணினால் நியூட்ரினோவை எண்ணியதாகும்.

சுரங்கத்துக்குள் ஏன் போனார்? விண்ணிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களும் குளோரினை ஆர்கானாக்கக் கூடியவை. அவற்றை வடிகட்டப் பாறை வேண்டும். நியூட்ரினோவுக்கு மட்டும் பாறை ஒரு தடையே அல்ல. ‘இல்லாதது சேரக் கூடாது’ என்ற நிபந்தனைக்காகத்தான் நியூட்ரினோ ஆய்வாளர்கள் எங்கு போனாலும் மலையைத் தேடுகிறார்கள். எங்கள் மாவட்டத்துப் பொட்டிபுரத்துக்கு அவர்கள் வந்ததும் இதற்காகத்தான்.

அந்தப் பிரமாண்டத் தொட்டியில் உண்டான ஆர்கான் சராசரியாக நாளொன்றுக்கு அரை அணு. இரண்டு நாளைக்கு ஒன்று. சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஹீலியம் வாயுவைத் தொட்டிக்குள் குமிழியாக விட்டு, அந்தச் சில அணுக்களைக் கூட்டி வாரி, திரவ நைட்ரஜனில் குளிர்வித்த கரியில் பிடித்து, ஒரு கன சென்டிமீட்டருக்கும் குறைந்த கொள்ளளவுள்ள குட்டி எண்ணிக் கருவிக்குள் அடைப்பார்கள். பிறகு காத்திருப்பு. ஆர்கான்-37இன் அரை ஆயுள் 35 நாள். ஒவ்வொரு அணுவும் சிதையும்போது ஒரு சிறு மின்துடிப்பு, அதுதான் கணக்கு.

இருப்பது விடுபடவில்லை என்று எப்படித் தெரியும்? கொஞ்சம் சாதாரண ஆர்கானை டேவிஸ் முன்கூட்டியே தொட்டியில் கலந்துவிடுவார். வாரி எடுக்கும்போது அதில் ஏறத்தாழ 95 விழுக்காடு திரும்பி வரும். போட்டது வந்ததென்றால் உண்டானதும் வந்திருக்கும். 1994 வரை நடந்த ஆய்வில் கிடைத்த ஆர்கான் அணுக்கள் ஏறத்தாழ 2,000. கோட்பாடு சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான். எண்ணிக்கையில் தவறு என்று பலர் சந்தேகித்தார்கள். தவறு எண்ணிக்கையில் இல்லை. நியூட்ரினோ வரும் வழியிலேயே வகை மாறிவிடுகிறது, குளோரின் ஒரு வகையை மட்டுமே உணரும் என்பது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கனடாவின் சட்பரி ஆய்வகத்தில் உறுதியானது. டேவிசுக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது.

அவருடைய முறைக்கு ஒரு எல்லை இருந்தது. அணு சாகும்போதுதான் அது இருந்ததே தெரியும். குளோரினுக்குப் பதில் புரோமினை வைத்தால் குறைந்த ஆற்றல் நியூட்ரினோக்களும் சிக்கும், அதில் பிறப்பது கிரிப்டான்-81. ஆனால் கிரிப்டான்-81இன் அரை ஆயுள் 2,29,000 ஆண்டுகள். நூறு அணுக்களைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒன்று சிதையக் காத்திருந்தால், சராசரியாக 3,300 ஆண்டுகள் ஆகும். கீழடியில் முதல் வீடு கட்டியவர்கள் எண்ணத் தொடங்கியிருந்தாலும் இன்னும் முதல் துடிப்பு வந்திருக்குமா என்பது சந்தேகம். சாவுக்குக் காத்திராமல், உயிரோடு இருக்கும் அணுவையே எண்ண வழி வேண்டும்.

பஞ்சுமிட்டாய்ச் சாயமும் ஒரு நீல லேசரும்

அந்த வழியைத் திறந்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த சாமுவேல் ஹர்ஸ்ட். வரைபடத் தாள்களிலிருந்து எண்களைக் கையால் படித்துச் சலித்துப்போய், தொட்டால் இடம் சொல்லும் பலகை ஒன்றை 1970களின் தொடக்கத்தில் உருவாக்கியவரும் இவரே. தொடுதிரையின் முன்னோடிகளில் ஒன்று அது. எண்ணுவதில் சலிப்பு வந்தால் எண்ணும் கருவியையே புதிதாகச் செய்துவிடும் ஆள்.

ஹர்ஸ்டுக்குக் கைகொடுத்தது 1966இல் பிறந்த சாய லேசர். அன்றைய மற்ற லேசர்கள் பெரும்பாலும் தமக்கென்று வாய்த்த நிறத்தில் மட்டுமே ஒளி தந்தன. சாய லேசரிலோ, ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல நிறத்தைத் திருகிப் பிடிக்கலாம். உள்ளே இருப்பது சாராயம் போன்ற ஒரு கரைப்பானில் கரைத்த சாயம். அவற்றில் புகழ்பெற்றது ரோடமின் குடும்பம். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் கண்டுபிடிக்கப்பட்டு, தமிழக அரசு அந்த மிட்டாயின் விற்பனைக்குத் தடை போட்டதே, அந்த ரோடமின்-பி இதே குடும்பம்தான். வயிற்றுக்கு ஆகாதது, லேசருக்கு ஆகும். சிவப்பு, ஆரஞ்சுப் பக்கத்துக்கு ரோடமின் என்றால், நீலத்துக்குக் கூமரின் குடும்பச் சாயங்கள்.

ஹர்ஸ்ட் எடுத்துக்கொண்ட தனிமம் சீசியம். லேசரைத் திருகி நிறுத்திய இடம் 455 நானோமீட்டர். புன்சன் 44,000 லிட்டரைக் காய்ச்சக் காரணமான அதே நீலக் கோடு.

நடப்பது இரண்டு படிகளில். சீசியத்தின் வெளி எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்க 3.89 எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும். இந்த நீலத்தின் ஒரு ஒளித்துகளிடம் இருப்பது 2.72. ஒன்று போதாது, இரண்டு போதும். முதல் ஒளித்துகள் எலெக்ட்ரானை ஒரு படி மேலே ஏற்றுகிறது. அந்தப் படியில் அது சுமார் ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு நேரமே நிற்கும். அது இறங்குவதற்குள் இரண்டாவது ஒளித்துகள் வந்து மோதினால் எலெக்ட்ரான் வெளியே வந்துவிடும். இதற்குத்தான் ஒத்ததிர்வு அயனியாக்கம் என்று பெயர்.

கருவியின் வாயுக் கூண்டுக்குள் சீசியம் தவிர இருப்பவை ஆர்கானும் மீத்தேனும். ஆர்கானின் எலெக்ட்ரானைப் பிய்க்க 15 எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் வேண்டும். முதல் படியே 11க்கு மேல். 2.72 கொண்டு வரும் ஒளித்துகள் அதை அசைக்கவே அசைக்காது. வீரபாண்டி சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் ஒரு பெயரைச் சொல்லி, உடனே அலுவலகத்துக்கு வரவும் என்று அறிவித்தால், லட்சம் பேர் காதில் விழுந்தாலும் ஒருவர்தான் திரும்பிப் பார்ப்பார். அந்தக் காரியத்தை லேசர் செய்கிறது. இல்லாதது சேரக் கூடாது என்ற நிபந்தனை இப்படி நிறைவேறுகிறது.

இருப்பது விடுபடக் கூடாதே? ஹர்ஸ்ட் குழுவின் உண்மையான சாதனை இங்கேதான். அணுவும் ஒளித்துகளும் சந்திப்பதைத் தற்செயலுக்கு விட்டால் பல அணுக்கள் தப்பிவிடும். ஆகவே ஒவ்வொரு லேசர் துடிப்பிலும் ஒளித்துகள்களை அளவுக்கு மேல் கொட்டினார்கள். இனி ஒளியைக் கூட்டினாலும் வெளியேறும் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடாது என்ற நிலை வரும் வரை கூட்டினார்கள். அந்த நிலை வந்துவிட்டால் ஒளிக்கற்றைக்குள் நின்ற சீசியம் அணு அத்தனையும் எலெக்ட்ரானை இழந்துவிட்டது என்று பொருள். ஈரத் துணியை எவ்வளவு முறுக்கினாலும் இனிச் சொட்டாது என்றால் பிழிந்து முடித்தாயிற்று என்பதுபோல.

வெளியேறிய ஒற்றை எலெக்ட்ரானை உயர் மின்னழுத்தக் கம்பி இழுக்கும். போகும் வழியில் அது மற்ற அணுக்களை முட்டி, ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஆயிரக்கணக்கான எலெக்ட்ரான்களின் பொழிவாகக் கம்பியைச் சேரும். கருவியில் ஒரு துடிப்பு. 1977இல் ஹர்ஸ்ட், நயஃபே, யங் ஆகிய மூவரும் வெளியிட்ட முடிவு இது: 1க்குப் பின் 19 சுழியம் போட்ட அளவுக்கு மற்ற அணுக்களும் மூலக்கூறுகளும் நிறைந்த இடத்தில் ஒரே ஒரு சீசியம் அணு இருந்தாலும் கண்டுபிடிக்கலாம். முதலில் நினைவில் வைக்கச் சொன்ன எண் அதுதான். கல் உப்பின் அந்தச் சிறு துணுக்கில் ஒரே ஒரு அணு மட்டும் வேறு ஆள் என்றால், அந்த ஆளைப் பெயர் சொல்லி வெளியே அழைத்துவிடலாம்.

அடுத்த ஆண்டு இன்னொரு நேர்த்தியான சோதனை. கலிஃபோர்னியம்-252 அணு தானாகவே இரண்டாகப் பிளக்கும். துண்டுகளில் ஒன்று சில சமயம் சீசியமாக இருக்கும். பிளவு நேர்ந்ததும் கருவி சமிக்ஞை தரும். துண்டு வேகம் தணிந்து சாதாரண அணுவாக அடங்கும் வரை பொறுத்து லேசரைச் சுடுவார்கள். எலெக்ட்ரான் வந்தால், பிறந்தது சீசியம். ஒற்றை அணுவின் பிறப்பையும் அதன் குலத்தையும் ஒன்றாகப் பதிவு செய்த சோதனை அது.

இந்த ஓட்டத்தில் ஓக் ரிட்ஜ் தனியாக இல்லை. சோவியத் ஒன்றியத்தில் விளாடிலன் லெட்டகோவ் 1970களின் தொடக்கத்திலேயே படிப்படி அயனியாக்கத்தைச் செய்து காட்டியிருந்தார். ஸ்டான்ஃபோர்டில் ஃபேர்பேங்க், ஹென்ஷ், ஷாலோ மூவரும் 1975இல், ஒரு கன சென்டிமீட்டரில் நூறு சோடியம் அணுக்களே இருந்தாலும் அவற்றின் மஞ்சள் ஒளியை அளந்துவிட்டார்கள். எங்கள் அடுப்புச் சுடரின் அதே மஞ்சள்.

ஒரே பெயரில் பலர்

புரோமின் தொட்டிக்கு வருவோம். ஹர்ஸ்டும் டேவிசும் சேர்ந்தே 1984இல் அந்த ஆய்வின் சாத்தியத்தை எழுதினார்கள். சிக்கல் இரண்டு. ஒன்று, கிரிப்டானை எழுப்பும் முதல் நிறம் 116 நானோமீட்டர் அளவில் இருக்கிறது. காற்றே விழுங்கிவிடும் கடும் புறஊதா அது. எந்தச் சாயமும் அதை நேராகத் தராது. இரண்டு, கிரிப்டான் என்று கூப்பிட்டால் கிரிப்டான்-82, 84, 86 என எல்லா ஐசோடோப்புகளும் திரும்பிப் பார்க்கும். இயற்கைக் கிரிப்டானில் 81 என்பது லட்சம் கோடிக்கு ஒன்று என்ற அளவிலேயே உண்டு. ஒரே பெயருள்ளவர்கள் நிறைந்த கிராமத்தில் தபால்காரர் படும் பாடுதான். லேசரோடு எடை பார்த்துப் பிரிக்கும் கருவியையும் சேர்த்து ஓக் ரிட்ஜ் குழு கிரிப்டானை எண்ணிக் காட்டியது. புரோமின் தொட்டி மட்டும் கட்டப்படவே இல்லை.

தீர்வு வேறு திசையிலிருந்து வந்தது. ஒரு முறை கூப்பிட்டால் தப்பான ஆளும் திரும்பக் கூடும். ஆயிரம் முறை கூப்பிட்டு ஆயிரம் முறையும் ஒருவரே திரும்பினால்? லேசர் ஒளியின் மெல்லிய தள்ளுதலால் அணுவை வேகம் குறைத்து, காந்தப் புலத்தின் துணையோடு வெற்றிடத்தின் நடுவே பிடித்து நிறுத்தும் பொறி 1987இல் உருவானது. அந்தப் பொறியில் சிக்க, அணு அடுத்தடுத்து எண்ணற்ற ஒளித்துகள்களை ஏற்று உமிழ வேண்டும். நிறம் கொஞ்சம் பிசகிய ஐசோடோப்பு வழியிலேயே நழுவிவிடும். 1999இல் அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் ஜெங்-தியான் லூ குழு இப்படிக் கிரிப்டான்-81ஐ ஒவ்வொன்றாகப் பிடித்தது. சிக்கிய ஒற்றை அணு பொறிக்குள் தொடர்ந்து மினுங்கும். மினுக்கத்தை எண்ணினால் அணுவை எண்ணியாயிற்று.

நியூட்ரினோவுக்காகத் தேடிய வழி கடைசியில் தண்ணீருக்குப் பயன்பட்டது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது காற்றையும் கொஞ்சம் கரைத்துக்கொண்டு போகிறது. அதில் லிட்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் கிரிப்டான்-81 அணுக்கள். வெளிக்காற்றோடு தொடர்பு அறுந்த நாளிலிருந்து அவை குறையத் தொடங்கும். எத்தனை மிச்சம் என்று எண்ணினால், அந்த நீர் எந்தக் காலத்து மழை என்று சொல்லிவிடலாம். 2004இல் எகிப்தின் மேற்குப் பாலைவனத்துக் கிணற்று நீரை இப்படி அளந்தபோது வயது 2 லட்சம் முதல் 10 லட்சம் ஆண்டுகள் வரை வந்தது. இன்று பாலைவனமாக இருக்கும் நிலத்தில் லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையை இறைத்துக் குடிக்கிறார்கள். அப்போது ஒரு மாதிரிக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் நீரிலிருந்து வாயுவைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. இப்போது பத்து இருபது லிட்டர் போதும். புன்சனின் நான்கைந்து லாரித் தண்ணீர் ஒரு குடமாகச் சுருங்கிவிட்டது.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்கும் தென்னைக்கும் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்களுக்கு இதில் வேலை உண்டா? உண்டு, அணுதான் வேறு. எங்கள் நிலம் கடினப் பாறை. நீர் நிற்பது பாறை வெடிப்புகளில். இத்தகைய நிலத்து நீருக்குப் பத்தாண்டு, நூற்றாண்டுக் கணக்கைச் சொல்லும் அணுக்கள் பொருந்தும்: அரை ஆயுள் ஏறத்தாழ 11 ஆண்டுள்ள கிரிப்டான்-85, சுமார் 270 ஆண்டுள்ள ஆர்கான்-39. இரண்டையும் அதே பொறி எண்ணுகிறது. ஒரு கிணற்றின் நீர் போன வருடத்து மழையா, தாத்தா காலத்து மழையா என்று தெரிந்தால், இறைப்பது வருமானத்தையா முதலையா என்று தெரிந்துவிடும்.

வேறு இடங்களிலும் இந்த முறை வேரூன்றிவிட்டது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில், இயற்கையில் இல்லாத, நொடிக்குச் சில அணுக்களாக மட்டுமே உண்டாக்க முடிகிற நோபெலியத்தின் நிறத்தை 2016இல் லேசரால் கண்டுபிடித்தார்கள். அதற்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1980இல், புன்சனின் அதே ஹைடெல்பெர்கில், பொறியில் பிடித்த ஒற்றைப் பேரியம் அயனியின் ஒளியைப் பதிவு செய்திருந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் டேவிட் நாட்லிங்கர், ஒற்றை ஸ்ட்ரான்சியம் அயனியைச் சாதாரணக் கேமராவில் எடுத்த படத்துக்காக 2018இல் போட்டியில் பரிசு வாங்கினார். இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரு ஊசிகளுக்கு நடுவே ஒரு வெளிர் நீலப் புள்ளி.

பொட்டிபுரம்

இனி எங்கள் மலை. தேவாரம் அருகே பொட்டிபுரத்தில், அம்பரப்பர் மலைக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து இந்திய நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பு சுமார் 1,500 கோடி ரூபாய். அதற்கு முன் நீலகிரியின் சிங்காராவைக் கேட்டு, முதுமலைக் காடு அருகிலிருப்பதால் 2009இல் கைவிட வேண்டியதாயிற்று.

இங்கே அணுக்களை எண்ணும் திட்டம் இல்லை. 50,000 டன் காந்தமேற்றிய இரும்பைத் தகடு தகடாக அடுக்கி, இடையிடையே உணர்கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்கள் இரும்பில் மோதி உண்டாக்கும் மியூவான் துகள்களின் தடத்தைப் பார்ப்பது திட்டம். இதன் 85 டன் எடையுள்ள சிறு மாதிரி மதுரையில் இயங்குகிறது. டேவிஸ் வழி விளைந்த அணுவைத் தேடிப் பிடிப்பது. இந்த வழி கடந்து போன தடத்தைப் படிப்பது. இரண்டுக்கும் பொதுவாக வேண்டியது தலைக்கு மேல் பாறை. இந்தியாவுக்கு அதில் முன்வரலாறும் உண்டு. 1965இல் கோலார் தங்க வயலில், 2 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்தவர்களில் டாடா ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் இருந்தார்கள். அந்தச் சுரங்கத்தைத் தலைமுறை தலைமுறையாக வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

பொட்டிபுரத்தில் சுரங்கம் ஏற்கெனவே இல்லை. புதிதாகக் குடைய வேண்டும். பிரச்சினை அங்கிருந்துதான் தொடங்கியது. “ஏப்பா, கண்ணுக்கே தெரியாதத பிடிக்க எதுக்குப்பா இம்புட்டு பெரிய மலைய ஒடைக்கணும்?” என்று டீக்கடையில் கேட்டவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கியது எளிதாக இருந்தது. நியூட்ரினோ கதிர்வீச்சால் ஊரே அழியும் என்ற பேச்சுக்கு அறிவியல் அடிப்படை இல்லைதான். நொடிதோறும் கோடி கோடி நியூட்ரினோக்கள் நம் உடம்பைக் கடந்து போய்க்கொண்டே இருக்கின்றன. ஆனால் வெடிவைப்பு, பாறைக் கழிவு, தண்ணீர், மேய்ச்சல், காட்டு விலங்குகளின் வழித்தடம் பற்றிய கேள்விகள் வேறு வகை. கேரள எல்லையில் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதைக் கணக்கில் கொண்டு அனுமதி நடைமுறை மாறியிருக்க வேண்டும் என்று 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, தரப்பட்ட சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் மத்திய அரசு மீண்டும் அனுமதி தந்தது. 2022இல் தமிழக அரசு இத்திட்டத்தை அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இந்த வழக்கையும் ஒற்றை அணுவின் கதையையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், இரண்டிலும் ஒரே ஒழுக்கம் கேட்கப்படுவது தெரிகிறது. இருப்பது விடுபட்டதா? இல்லாதது சேர்ந்ததா? தீர்ப்பாயம் சுட்டிக்காட்டியது முதல் தவறை: இருக்கும் ஒரு காடு கணக்கில் விடுபட்டிருந்தது. வதந்திகள் செய்தது இரண்டாவது தவறை: இல்லாத ஒரு ஆபத்து கணக்கில் சேர்ந்திருந்தது. டேவிஸ் முப்பது ஆண்டு சந்தேகத்தைத் தாங்கி நின்றது உரத்துப் பேசியதால் அல்ல. போட்ட ஆர்கானில் எவ்வளவு திரும்பி வந்தது என்று ஒவ்வொரு முறையும் காட்டியதால். ஹர்ஸ்டை நம்பியது, இனி ஒளியைக் கூட்டினாலும் எண்ணிக்கை கூடாது என்று காட்டியதால். ஒற்றை அணுவுக்கு இவ்வளவு கணக்குக் காட்டத் தெரிந்த அறிவியல், ஒரு மலைக்கும் அதன் கீழே ஆடு மேய்ப்பவருக்கும் அதே சிரத்தையோடு கணக்குக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அறிவியலுக்கு எதிரானதல்ல. அதன் சொந்த இலக்கணம் அது.

நேற்றும் ரசம் பொங்கிவிட்டது. மஞ்சள் சுடர் அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் கேஸைக் குறைத்தேன்.